ஆறு ஆண்டுகள், இரண்டு மின்வாசிப்பான்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினால் அடிவாரம் வரை படிக்கலாம். அதற்கு மேல் படித்தால் வாந்திதான். ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவின் எண் பலகை தெரிந்ததும் மின்வாசிப்பானை, அதாவது மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவியை, மூடிப் பைக்குள் வைத்துவிடுவேன். மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். கோரிமேட்டு நெரிசலின் தயவில், போகவும் வரவுமாகத் தினமும் நாற்பது நிமிடம் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு அரை மணி. 2019 இறுதியில் முதல் கருவியை வாங்கியதிலிருந்து நான் படித்ததெல்லாம் பெரும்பாலும் இந்த நேரத்தில் படித்ததுதான்.

கையில் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் எந்த மாடல் என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும். தமிழ் படிக்கப்போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது, எந்த மாதிரிக் கோப்பைப் படிக்கப்போகிறோம் என்பதை. கருவியைத் தேர்ந்தெடுத்து வாங்க எனக்கு அரை நாள் ஆனது. அதில் தமிழை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொள்ள ஒன்றரை ஆண்டு ஆனது.

இந்த வம்பே கண்ணால் வந்தது. நாள் முழுக்கக் கணினியில் செக்ரோல் என்கிற தொழிலாளர் கூலிப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் செல்பேசியில் படித்தால் புருவத்துக்கு மேல் வலி கிளம்பும். மின்வாசிப்பானின் மின்மைத் திரையில் (இ-இங்க்) அந்தத் தொல்லை எனக்கு வரவில்லை. அந்தத் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே இறங்கும். மேலே வந்த துகள் மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும் நேரத்தில் மட்டும்தான் திரைக்கு மின்சாரம் தேவை என்பதால் பேட்டரி வாரக்கணக்கில் வருகிறது. என் தம்பி புதுக் கருவியின் திரையில் இருந்த படத்தை மேலே ஒட்டிய ஸ்டிக்கர் என்று நினைத்து நகத்தால் உரிக்கப் பார்த்தான். அச்சடித்ததுபோல அப்படி அசையாமல் நிற்கும்.

காப்பி உலர்த்தும் களத்தில், உச்சி வெயிலில், செல்பேசித் திரை கறுத்துப்போகும் இடத்தில் இது தாளைப்போலவே பளிச்சென்று தெரிகிறது. மாலையில் மூடுபனி இறங்கி, கூடவே மின்சாரமும் போய்விட்டால் உள்விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். அந்த விளக்கு திரைக்குப் பின்னால் இருந்து கண்ணைக் குத்துவதில்லை. ஓரத்தில் இருந்து திரையின் மேல் பரவுகிறது.

முதல் கருவி இரண்டு ஆண்டு கூடத் தாங்கவில்லை. குற்றம் என்னுடையது. கைப்பையில் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கூட்டமான பஸ்ஸில் யாரோ பையின் மேல் சாய்ந்திருக்கிறார்கள். அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தால் மேல் பாதியில் நான் விட்ட பக்கம் அப்படியே உறைந்து கிடந்தது, கீழ்ப் பாதி முழுக்கக் கோடுகள். சேவை மையத்தில் திரையை மாற்ற முடியாது, புதிதாக வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். இந்தத் திரைகளுக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடி. தண்ணீர் புகாது என்று விற்கப்படுகிற கருவிக்கும் டப்பாவின் விளிம்பு எமன்தான். முந்நூறு ரூபாய்க்குக் கெட்டியான உறை வாங்கத் தயங்கினேன். பத்தாயிரத்துச் சொச்சம் போனது.

கோப்புக் கதை இன்னும் நீளம். முதல் மாதத்தில் கண்ணில் பட்ட இலவச பிடிஎஃப் எல்லாவற்றையும் இறக்கிக் கருவிக்குள் கொட்டினேன். இருநூறு நூல்கள் சேர்ந்த பெருமை இரண்டு நாள் நீடித்தது. திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பிடிஎஃப் என்பது அச்சுத்தாளின் நகல். ஏ4 தாளுக்குக் கட்டிய பக்கத்தை ஆறு அங்குலத் திரைக்குள் அடைத்தால் எழுத்தும் சேர்ந்து சுருங்கும். பெரிதாக்கினால் வரியின் வலப்பக்கம் திரையைவிட்டு வெளியே போகும். இப்படியும் அப்படியும் இழுத்து ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் கதாநாயகி பெயர் மறந்துவிடும்.

சில கோப்புகளில் அதுவும் இல்லை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன்னால், கணினியில் எழுத்தைப் பதிய டிஸ்கி, டேப், பாமினி என்று தமிழுக்கு ஆளுக்கொரு குறியேற்றம் இருந்தது. அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த கோப்பில் எழுத்துரு சேர்ந்து வராவிட்டால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் மீசையும் முளைத்த ரோமன் எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து இப்படிப் பத்துப் பன்னிரண்டை அழித்தேன். அவை கெடவில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் யூனிகோடாக மாறிவிடும் என்பது அழித்த பிறகுதான் தெரிந்தது.

தமிழுக்கு ஏற்றது இ-பப் என்ற கோப்பு வகை. அதில் பக்கம் என்று ஒன்று கிடையாது, எழுத்து மட்டும்தான். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து கீழே இறங்கும். அமேசானின் கிண்டில் கருவி வைத்திருப்பவர்கள் ரொம்ப நாள் மோபி என்ற வேறொரு கோப்பு வகையோடு மல்லாடினார்கள். 2022-இல் இருந்து இ-பப்பை மின்னஞ்சல் வழியாக அனுப்பினாலே கிண்டில் ஏற்றுக்கொள்கிறது. நூல்கள் எங்கே கிடைக்கும் என்றால், பழந்தமிழுக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் சேர்த்த களஞ்சியம் அது. இக்காலத்து எழுத்துக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம். பிறர் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஆசிரியர்களே கொடுத்த நூல்களை இ-பப்பாகத் தருகிறார்கள். பிடிஎஃப்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்த ஆறு அங்குலக் கோப்பைப் பார்த்த அன்றுதான், என்னைப்போல் அவதிப்பட்டவர்கள் எனக்கு முன்னாலும் இருந்திருக்கிறார்கள் என்று ஆறுதலாக இருந்தது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்து பதிப்புரிமை காலாவதியான நூல்களும் இலவசமாகக் கிடைப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. நேற்று வெளிவந்த நாவல் இலவசமாகக் கிடைத்தால் அது திருட்டு. எழுதியவர் வயிற்றில் அடிக்காமல் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. அதன்பிறகு வாங்குவதற்கும் தமிழில் நிறையவே இருக்கிறது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் அரிய பழைய நூல்களில் பெரும்பாலானவை ஸ்கேன் செய்த படங்கள். படத்தில் இருக்கும் எழுத்தைக் கருவி பெரிதாக்காது. வேண்டிய நூலைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக மாற்றிப் பார்த்தேன். முக்கால்வாசி சரியாகவே வந்தது. ஆனால் ‘ர’வையும் துணைக்காலையும் அதற்குப் பிரித்தறியத் தெரியவில்லை. பழைய அச்சில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பாவம் அது என்ன செய்யும்? நூறு பக்க நூல் ஒன்றைத் திருத்தி முடிக்க ஒரு மழைக்காலம் போனது. இரண்டாவது நூலுக்கு நான் துணியவில்லை.

மின்னூல் கோப்புகளை மாற்றவும் திருத்தவும் உதவும் கேலிபர் என்ற இலவச மென்பொருள் இல்லாமல் இந்த வாசிப்பே எனக்கு ஓடியிருக்காது. கோவிட் கோயல் என்பவர் எழுதத் தொடங்கியது. நான் அதில் செய்வது இரண்டே வேலை. நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைக் கோப்புக்குள் பொதித்துவிடுவேன், நோட்டோ செரிஃப் எனக்குப் பிடித்தது. அப்புறம் வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக நிற்க வைப்பேன். இரண்டு பக்கமும் சமமாக நிறுத்தினால் தமிழுக்கு ஒத்துவராது. நம் சொற்கள் நீளம். ‘சொல்லிக்கொண்டிருந்தார்களென்று’ என்று ஒரு சொல் வந்தால் வரியில் மீதமுள்ள இரண்டு சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகலாம். அச்சுப் புத்தகத்தில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். என் கருவிக்குத் தமிழில் அது வராது.

திரையின் அடர்த்தி பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் மட்டும் படிப்பவர்கள் அங்குலத்துக்கு 167 புள்ளி உள்ள மலிவுக் கருவியே போதும் என்பார்கள். தமிழுக்கு 300 வேண்டும் என்பது என் கட்சி. என் பக்கத்து இருக்கைத் தோழியிடம் 167 இருக்கிறது. சிறிய எழுத்தில் வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி மங்குகிறது, ‘ஞ’வின் வளைவு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

அகராதி வசதியைத் தமிழ் வாசகர் மறந்துவிடலாம். ‘மரத்தடியில்’ மேல் விரலை வைத்தால் அப்படி ஒரு சொல் இல்லை என்று கைவிரிக்கிறது.

அப்பாவுக்காக நான் இதை வாங்கவில்லை. ஆனால் இன்று இதை அதிகம் படிப்பவர் அவர்தான். செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது ஆண்டு கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர். சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கிளை நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகம் எடுத்துவருவது அவர் வழக்கம். கண்புரை அறுவை முடிந்த பிறகும் அச்செழுத்து பிடிபடவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பத்து வரி படிப்பார், மூடி வைத்துவிடுவார். 2022 கோடை விடுமுறையில் ஒரு நாள் எழுத்தைக் கடைசி அளவுக்குப் பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன். திரையில் ஏழு வரி. வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார்.

“என்ன கண்ணு, இதற்கு முதுகே இல்லையே.”

முதல் பக்கத்தை முடித்துவிட்டுத் திரையைத் தொட்டார். பக்கம் திரும்பவில்லை. மறுபடி தொட்டார், அழுத்தினார், தட்டினார். நான் தொட்டால் திரும்பியது. அவர் விரலைத் திருப்பிப் பார்த்தேன். நுனியில் ரேகையே இல்லை. நெருப்பும் அரமும் வெள்ளியும் பட்டுப் பட்டு, காய்த்து, பாதாங்கொட்டை ஓடு மாதிரி இருந்தது. இந்தத் தொடுதிரை, மின்சாரம் கடத்தும் விரல் பட்டதும் தன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டுதான் தொடுதலை உணர்கிறது. காய்ந்து தடித்த தோல் அதற்கு மரக்கட்டைக்குச் சமம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, பழக்க தோஷத்தில் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, புத்தகத்தில் செய்வதுபோலவே திரையின் வலது ஓரத்தில் தள்ளினார். பக்கம் திரும்பியது. இன்றுவரை அப்படித்தான் படிக்கிறார். ராத்திரி நான் திரையைத் துடைத்துவைக்கிறேன்.

அவருக்கு ஒரே குறை, எவ்வளவு படித்தோம் என்று கைக்குத் தெரியவில்லை என்பது. மூலையில் தெரியும் சதவீதக் கணக்கு அவருக்கு ஆகாது. “இன்னும் எத்தனை விரல் கனம் இருக்கிறது?” என்று கேட்பார். சுண்டுவிரல் கனம் இருக்கிறது, கட்டைவிரல் கனம் இருக்கிறது என்று நானும் குத்துமதிப்பாகச் சொல்கிறேன்.

எனக்கும் குறை உண்டு. முன்பு படித்தது ஒன்றைத் தேடித் திரும்பிப் போவதில் தாளை எதுவும் மிஞ்ச முடியாது. இடப்பக்கம், கீழே, கறை பட்ட இடத்துக்குப் பக்கத்தில் என்று தாளில் ஒரு நினைவு நிற்கும். இங்கே எல்லாப் பக்கமும் ஒரே முகம். கவிதையும், அடிக்குறிப்பு மண்டிய உரைநூலும், படங்கள் நிறைந்த புத்தகமும் நான் தாளில்தான் வாங்குகிறேன். ஆனால் மலையில் தாளுக்கும் ஆயுள் கிடையாது. அலுவலக அலமாரியில் நான் வைத்திருந்த ஒரு வரிசைப் புத்தகத்தில் ஒரே பருவத்தில் பூஞ்சணம் ஏறியது. மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது.

வாங்கிய மின்னூல் நமக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு அனுபவத்தில் பதில் கிடைத்தது. ஒரு தமிழ் மின்னூல் கடையில் காசு கொடுத்து வாங்கிய நான்கு நூல்கள், கடை மூடியதும் அவர்கள் செயலியோடு போய்ச் சேர்ந்தன. ரசீது மட்டும் இன்னும் மின்னஞ்சலில் இருக்கிறது. பெரிய கடையானாலும் கதை வேறில்லை. 2009-இல் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்கள் கருவியில் இருந்தே சில நூல்களை அழித்து, காசைத் திருப்பிக் கொடுத்தது. கிண்டில் நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாக ஏற்றும் வசதியும் 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு நின்றது. அதனால் நகலெடுக்க விடாத பூட்டு எதுவும் இல்லாத இ-பப்பாகக் கிடைக்கும் நூல் என்றால் ஐம்பது ரூபாய் கூட இருந்தாலும் அதையே வாங்குகிறேன். வாங்கியதைக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது கருவிக்கு இப்போது நான்கு வயது முடிந்துவிட்டது. ஆரம்பத்தில் மூன்று வாரம் நின்ற பேட்டரி இப்போது எட்டு நாளில் சார்ஜ் கேட்கிறது. அப்பா விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துப் படிப்பதும் ஒரு காரணம். திரையில் முந்தின பக்கத்தின் நிழல் எப்போதாவது தங்குகிறது, டிசம்பர்க் குளிரில் கொஞ்சம் கூடுதலாக. மற்றபடி எந்தப் பழுதும் இல்லை.

பகலில் அவர் வைத்துக்கொள்வதால் சில நாள் நான் வெறுங்கையோடு பஸ் ஏறுகிறேன். வீட்டுக்கு இன்னொன்று வாங்கியே ஆக வேண்டும். பெரிய திரையும், பக்கம் திருப்ப ஓரத்தில் பொத்தானும் உள்ளதாகப் பார்க்கிறேன் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன்.

“பொத்தானெல்லாம் உனக்கு வாங்கிக்கொள். எனக்கு இதை விட்டுவிட்டுப் போ” என்று சொல்லிவிட்டு, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.