அரிட்டாபட்டி மலை நடை: 300 ரூபாய் கொடுத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். கண்மாய்க்கு வரும் கால்வாயைச் சீர்செய்ய, இந்த நடையை நடத்தி ஊர் இளைஞர்கள் பணம் திரட்டுகிறார்கள். ஆளுக்கு 300 ரூபாய், மதியச் சாப்பாடும் அதிலேயே அடக்கம். கார்பன் தாள் வைத்து ரசீது எழுதித் தருகிறார்கள். எனக்கு அதுவே பிடித்துப்போனது.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் உள்ள இந்த ஊர்தான் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கம் வராமல் மக்கள் போராடித் தடுத்த மண். கூட வந்த பெரியவர், குடைவரைக் கோயிலில் தடியோடு உட்கார்ந்திருக்கும் லகுலீசரை (சிவனின் ஒரு வடிவம்) காட்டிவிட்டு, "சத்தம் போடாம வாங்கய்யா, மேல ராஜாளி கூடு இருக்கு" என்றார். அண்ணாந்து பார்த்தேன். பாறை இடுக்கில் சுள்ளிகள், கீழே வெள்ளை வெள்ளையாக எச்சம். அங்கேயே கால் மணி நேரம் நின்றுவிட்டேன். சமணத் துறவிகளின் கல் படுகையும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தும் பார்த்தோம், ஆனால் அங்கே அவசரப்படுத்திவிட்டார்கள்.

சாப்பாடு ருசி. கடைசிப் பந்திக்கு ரசம் தீர்ந்துவிட்டது, மோர் கிடைத்தது. குடிதண்ணீர் போதவில்லை, அதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

சீக்கிரமே கிளம்புங்கள். பத்து மணிக்கெல்லாம் பாறை சுடும், கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும்.