நெல்லுக்கு நீர் இறைக்க டீசல் எஞ்சினா, சோலார் பம்பா?

டீசல் விலை ஏறும்போது நெல் விவசாயியின் செலவுக் கணக்கில் அடி ஓரிடத்தில் மட்டும் விழுவதில்லை. சேற்றுழவு, நீர் இறைப்பு, அறுவடை, மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டி வாடகை என்று எல்லாமே நகர்கின்றன. இவற்றுள் உழவுக்கும் அறுவடைக்கும் சிறு விவசாயிகள் பெரும்பாலும் வாடகை இயந்திரங்களையே நம்பியிருக்கிறார்கள். மணிக்கணக்கிலான அந்த வாடகை டீசலோடு சேர்ந்து ஏறும், டீசல் இறங்கினால் உடன் இறங்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்குக் கிடையாது. அவற்றில் நம்மால் செய்யக்கூடியது பேரம் பேசுவது மட்டுமே. நீர் இறைப்பில்தான் தேர்வு நம் கையில் இருக்கிறது. டீசல் எஞ்சினிலிருந்து சோலார் பம்புக்கு மாறியவன் என்ற முறையில் இரண்டையும் ஒப்பிடுகிறேன். என் சாய்வு சோலார் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடையில்லாத மின் இணைப்பு உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது.

எஞ்சினின் முதலீடு குறைவு, சோலாரின் முதலீடு பல மடங்கு அதிகம். எஞ்சினுக்கு நாள்தோறும் எரிபொருள் வேண்டும், சோலாருக்கு வேண்டாம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. பலரும் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று வகுத்துப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு முடிவைத் தரவில்லை. செலவு எந்த மாதத்தில் வருகிறது என்பதே முடிவைத் தந்தது.

ஒரு ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் நீர் நிற்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அதைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றப் பெரிய ஆற்றல் தேவையில்லைதான். ஆனால் எஞ்சின், பெல்ட், பம்பு, குழாய் என ஒவ்வொன்றிலும் இழப்பு ஏற்படுவதால், டீசலில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோதான் தண்ணீரை வந்து சேர்கிறது. ஆகவே அந்த ஒரு பாய்ச்சலுக்கு நான்கு முதல் ஐந்து லிட்டர் டீசல் போய்விடும். நீர்மட்டம் இருபது மீட்டருக்கு இறங்கினால் இதுவே இரட்டிப்பாகும். மழை கைகொடுக்காத பருவத்தில் நடவு முதல் அறுவடைக்கு முந்தைய வடிப்பு வரை இப்படி எத்தனை பாய்ச்சல் என்று கூட்டிப் பாருங்கள். விலை சற்றே ஏறினாலும் மொத்தத்தில் அது பெருந்தொகையாகிவிடும்.

அந்தத் தொகை வரும் நேரம்தான் கொடுமை. நாற்றுக்கும் உழவுக்கும் நடவுக் கூலிக்கும் அடியுரத்துக்கும் கையிருப்பு கரைந்த பிறகு, அறுவடைக்கு இன்னும் வாரங்கள் இருக்கும்போது, டீசலுக்கு ரொக்கம் தேவைப்படுகிறது. உரத்தின் நிலையும் எரிபொருளோடு கட்டுண்டதே: யூரியாவுக்கான அம்மோனியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே தயாராகிறது என்பதால், எரிவாயு விலை உயர்ந்தால் உலகச் சந்தையில் உர விலையும் உயரும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபோது உலகச் சந்தையில் டீசலும் யூரியாவும் ஒரே நேரத்தில் எகிறியதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்படி இரண்டும் சேர்ந்து நெருக்கும்போது விவசாயி கடன் வாங்குகிறார், அல்லது பாய்ச்சலைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போடுவதன் விலை மிக அதிகம். தூர் கட்டும் பருவத்தில் சிறிது காய்ந்தால் பயிர் தேறிவிடும். கதிர் வெளிவருமுன் பொதி கட்டிப் பூக்கும் நாட்களில் வயல் காய்ந்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டுக் கதிரில் பதர் கூடும். பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் அந்த மணிகள் திரும்பி வரா. அப்படித் தவறிய ஒரு பாய்ச்சலின் இழப்பு டீசல் ரசீதில் இருக்காது. எடை போடும்போதுதான் தெரியும்.

சோலார் பம்பில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. அதன் செலவு முழுவதும் முன்கூட்டியே முடிந்துவிட்ட செலவு, அல்லது முன்பே தெரிந்த தவணை. தவணையும் சுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் பூக்கும் வாரத்தில் அது திடீரென்று ஏறுவதில்லை. 5 குதிரைத்திறன் மோட்டாரும் அதற்கேற்ற பேனல்களும் நல்ல வெயில் நாளில், பத்து மீட்டர் ஆழத்திலிருந்து, மேற்சொன்ன 5 சென்டிமீட்டர் பாய்ச்சலை ஒன்றரை ஏக்கருக்காவது கொடுத்துவிடும். காலையில் மெதுவாகத் தொடங்கி, உச்சிப் பொழுதில் முழு வேகம் பிடித்து, மாலையில் தணியும் அந்த ஓட்டத்துக்கு ஏற்ப மடை மாற்றும் நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்; எஞ்சினைப் போல நினைத்த நேரத்தில் நினைத்த வேகம் கிடைக்காது.

பராமரிப்பில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. எஞ்சினுக்கு ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டர் பார்க்க வேண்டும், டீசலைத் தெளிக்கும் நாசில் கெட்டால் கரும்புகை தள்ளியபடி டீசலைக் குடிக்கும், குழாயின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வு கசிந்தால் ஒவ்வொரு முறையும் குழாயில் தண்ணீர் நிரப்பியே ஓட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு: உறிஞ்சும் பம்பு ஏழெட்டு மீட்டருக்குக் கீழிருந்து நீரை எடுக்காது என்பதால், நீர்மட்டம் இறங்கும்போது எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழியில் தேங்கும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாமல் ஆளைக் கொல்லும்; எந்த விலைக்கும் அதைச் செய்யக் கூடாது. சோலாரில் தினசரி வேலை பேனலைத் துடைப்பதுதான். அதையும் இலேசாக எண்ண வேண்டாம். அறுவடை நாட்களில் பறக்கும் உமித்தூசி இரவுப் பனியில் நனைந்து கண்ணாடியில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். காற்று அடித்தாலும் போகாது. வெயில் ஏறுமுன் ஈரத் துணியால் துடைத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். நண்பகலில் சூடான கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விட வாய்ப்புண்டு. பேனல்களுக்கு வழக்கமாக 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். முதலில் பழுதாகக்கூடியது, பேனலின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர்தான். அதைத் திறந்து பார்க்க உள்ளூர் மெக்கானிக்கால் முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எஞ்சின் வெல்கிறது: சுத்தியலும் ஸ்பேனரும் உள்ள எவரும் அதை ஓடவைத்துவிடுவார்கள். என் கன்ட்ரோலர் இதுவரை தொல்லை தரவில்லை என்றாலும், நான் பயன்படுத்திய காலம் அதன் ஆயுளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதுமானதல்ல.

டீசலின் பக்கம் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஒவ்வொரு லிட்டருக்கும் காசு கொடுப்பவர் தண்ணீரை அளந்து விடுவார். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிவரும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மீண்டும் பாய்ச்சுவார்கள். பூக்கும் காலத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க விடுவார்கள். சரியாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீரை மிச்சப்படுத்தலாம், டீசலும் அதே அளவில் மிஞ்சும். சோலார் வைத்திருப்பவருக்கு அந்த உந்துதல் இல்லை. வெயில் இருக்கிறதே என்று ஓடவிட்டு நிலத்தடி நீரைக் காலி செய்துவிட முடியும். ஆகவே சோலாருக்கு மாறுபவர்கள் அந்தக் குழாயையும் சேர்த்தே பதிப்பது நல்லது.

ஆண்டுக்கு ஒரு போகம் மட்டும், அதுவும் பெரும்பாலும் மழையை நம்பி, இடையில் சில பாய்ச்சல்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு எஞ்சினே சரி. பேனல்கள் ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கும். இரண்டு போகமோ, நெல்லுக்குப் பின் பயறோ காய்கறியோ போடுபவர்கள் தயங்காமல் சோலாருக்குப் போகலாம். அப்படிப் போகும்போது பழைய எஞ்சினை விற்றுவிட வேண்டாம். அதற்குக் கிடைக்கும் விலை சொற்பம். தொடர்ந்து மேகமூட்டமாக இருக்கும் நாட்களில் பம்பின் வரத்து பாதிக்கும் கீழே போய்விடும், அது பயிர் பூக்கும் வாரமாகவும் அமைந்துவிடலாம். எஞ்சினைக் கூரைக்குக் கீழே வைத்து, அவ்வப்போது சில நிமிடங்கள் ஓடவிட்டு, டேங்கில் பழைய டீசல் தேங்கிக் கெடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.