பையனுக்குத் தொப்பி, எனக்குக் குல்லா

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளி டைரியில் வாரம் தவறாமல் சிவப்பு மையில் ஒரே புகார்: கவனிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாதி எழுதிவிட்டு எழுந்து போகிறான். "ஏடிஹெச்டியா இருக்கலாம், எங்கயாவது காட்டுங்க சார்" என்றார் மிஸ். கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் உள்ள குறைபாட்டுக்குத்தான் அந்தப் பெயர். அவர் மேல் தப்பில்லை. நான் கொண்டுபோய்க் காட்டிய இடம்தான் தப்பு.

கிருஷ்ணகிரி டவுனில் ஒரு மாடியில் இருந்தது அந்த மையம். போர்டில் பெரிதாக மூளைப் படம். பார்ப்பது யார், என்ன படித்தவர் என்று எங்கும் எழுதவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பையன் தலையில் நீச்சல்காரர் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, பிசுபிசுவென்று ஜெல் தடவி, ஒயர்களைச் செருகினார்கள். "ஆடாம உக்காரு தம்பி." இருபது நிமிடம் ஆடாமல்தான் உட்கார்ந்திருந்தான். (புது இடத்தில் ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளும் அப்படி உட்காருவதுண்டாம். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று பிறகு தெரிந்தது.) அப்புறம் கலர் கலராக ஒரு பிரின்ட், ஜாதகக் கட்டம் போல. "ஏடிஹெச்டி 82 சதவீதம்" என்றார்கள். நாற்பது அமர்வுக்கு 36,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 30,000. கட்டினேன். ரசீதில் "பயிற்சிக் கட்டணம்" என்பதோடு சரி.

பதினோரு அமர்வு போனான். கம்ப்யூட்டரில் பலூன் உடைக்கும் விளையாட்டு. பலூன் உடைப்பதில் கெட்டிக்காரனாகிவிட்டான். டைரியில் சிவப்பு மை நிற்கவில்லை.

என் மனைவியின் அக்கா தருமபுரியில் நர்ஸ். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மிஸ்கிட்ட யாராவது பேசினாங்களா?" யாரும் பேசவில்லை. வீட்டில் எப்படி இருக்கிறான் என்று எங்களிடமே கேட்கவில்லை.

விடியற்காலை பஸ் பிடித்து பெங்களூரில் இருக்கும் நிமான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போனோம். அங்கே தொப்பி கிடையாது, கேள்விகள்தான். பிரசவம் எப்படி, எப்போது பேசினான், தூக்கத்தில் குறட்டை விடுவானா, வாயைத் திறந்து வைத்துத் தூங்குவானா. எங்களுக்கு ஒரு படிவம், மிஸ்ஸுக்கு ஒரு படிவம். ரத்தத்திலோ ஸ்கேனிலோ இது தெரியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். தலையில் ஒயர் மாட்டி மூளையின் மின் அலையைப் பதியும் இ.இ.ஜி. எடுப்பது வலிப்பு சந்தேகம் இருந்தால்தான். கவனக்குறைவுக்கு 9 அறிகுறி, துறுதுறுப்புக்கு 9. ஏதாவது ஒரு பக்கத்தில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும், பள்ளியில் மட்டும் என்றால் போதாது, இரண்டு இடத்திலும் தெரிய வேண்டும். வேறு காரணம் இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

அந்த வேறு காரணத்தில்தான் மாட்டினோம். காது பரிசோதனையில் இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்திருந்தது, கூடவே மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையில் வீக்கம். கூப்பிட்டால் திரும்பாததற்கு அது போதாதா? ராத்திரி அவன் விடும் குறட்டையை "அப்பனைப் போல" என்று சிரித்துக்கொண்டிருந்தவன் நான்.

காதுக்கு வைத்தியம் நடந்தது. இப்போது கூப்பிட்டால் திரும்புகிறான். ஆனால் பென்சிலைத் தொலைப்பதும் வகுப்பில் எழுந்து நடப்பதும் இன்னும் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மிஸ் மறுபடி படிவம் நிரப்பித் தர வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு. ஏடிஹெச்டி என்றே முடிவானாலும் சரி, முறையாகப் பார்த்துச் சொல்லட்டும்.

இந்தப் பக்கத்துப் பெற்றோர்களே, முதலில் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் காட்டுங்கள். தனியாரிடம் போனால், பார்ப்பவர் டாக்டரா என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், இலவசம்.

மீதிப் பணத்தைக் கேட்டு அந்த மையத்துக்கு நான்கு முறை போன் போட்டேன். பணம் திரும்ப வராதாம். "மிச்சம் இருக்கிற இருபத்தொன்பது அமர்வை வீட்ல வேற குழந்தைக்கு மாத்திக்கலாம் சார்" என்றாள் போனை எடுத்த பெண். என் மகளுக்கு வயது இரண்டு.