எக்செல் ஷீட் பாதுகாப்பு: ஃபார்முலாவுக்குப் பூட்டு, பதிவுக்கு வழி

எங்கள் சம்பளப் பட்டியலில் ஓவர்டைம் நிரப்புகிறவர்கள், மொத்தம் வரும் கட்டத்திலேயே எண்ணைத் தட்டிவிட்டுப் போவார்கள். எக்செலின் ஷீட் பாதுகாப்பு அதற்கு நல்ல மருந்து. அமைப்புதான் தலைகீழ்: எல்லாக் கட்டங்களும் முதலிலேயே 'லாக்டு' (பூட்டியவை); பாதுகாப்பை இயக்கும்வரை அது சும்மா பெயருக்கு! ஆகவே நிரப்ப வேண்டிய கட்டங்களைத் தேர்ந்து, கன்ட்ரோல்+1 அழுத்தி, திறக்கும் பெட்டியின் 'புரொடெக்ஷன்' பக்கத்தில் 'லாக்டு' டிக்கை எடுத்த பிறகே 'புரொடெக்ட் ஷீட்' போக வேண்டும். அங்கே 'செலெக்ட் லாக்டு செல்ஸ்' டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஃபார்முலா பக்கம் கர்சரே போகாது. டேப் தட்டினால் அடுத்த திறந்த கட்டத்துக்குத் தாவுவது ரொம்பப் பிடித்தது. கடவுச்சொல்லை நம்பி ரகசியம் எதையும் வைக்காதீர்கள், இது கைதவறைத் தடுக்க மட்டுமே. எக்செலின் 'டேபிள்' வசதியில்தான் எரிச்சல்: பாதுகாப்பு இருக்கையில் புது வரிசை தானாகச் சேராது. அதனால் டேபிளைச் சாதாரண ரேஞ்சாக்கி (வெறும் கட்டங்களாக மாற்றி), காலி வரிசைகளை முன்கூட்டியே விட்டுவைத்திருக்கிறேன்.