ஏழு டேங்க்னு பில்லு, ஒரு டேங்க்லயும் முக்கல: பவுடர் கோட்டிங் வெளிய குடுக்கறவங்க தயவுசெஞ்சு படிங்க

1,85,600 ரூபாய் நஷ்டம். இன்னிக்கு சாயங்காலம்தான் கணக்குப் போட்டு முடிச்சேன். கோவம் இன்னும் அடங்கலீங்க, எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

கோயமுத்தூர் கணபதி பக்கம் சின்னதா ஃபேப்ரிகேஷன் பட்டறை வெச்சிருக்கேன். தோட்டத்து மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாட்டற பொட்டி, 16 கேஜ் சிஆர் ஷீட்டுல (இரும்புத் தகடுதான்) வளைச்சு வெல்டிங் பண்ணிக் குடுக்கறது. அதுக்கு மேல பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்டுக்குப் பதிலா கலர் பவுடரத் தூவி சூட்டுல உருக்கி ஒட்ட வெக்கறது, அத வெளிய குடுத்துத்தான் வாங்குவேன். ஆகஸ்ட்ல 160 பொட்டி ஆர்டர். வழக்கமா கோட்டிங் குடுக்கற அண்ணன்கிட்ட அப்ப எடமில்ல, ரெண்டு வாரம் ஆகும்னுட்டாரு. டெலிவரி அவசரம், அதனால தொழில்காரங்க நம்பர் தர்ற ஒரு ஆப்ல தேடுனேன். ஒரு ஜாப் ஒர்க் யூனிட், பக்கத்துல வெரிஃபைடு டிக்கு, நாலரை ஸ்டாரு. நேர்லயே போய்ப் பாத்துட்டுத்தான் குடுத்தேனுங்க, பாக்காமக் குடுக்கல.

போனதும் எளநி வெட்டிக் குடுத்து உக்கார வெச்சாரு ஓனரு. அப்புறம் கூட்டிட்டுப் போய் வரிசையா ஏழு டேங்கு காட்டுனாரு, ஒவ்வொண்ணுலயும் பெயிண்ட்ல எழுதியிருந்துச்சு, டீகிரீசிங் (எண்ணெய் எடுக்கறது), தண்ணி, டீரஸ்டிங் (துரு எடுக்கறது), தண்ணி, பாஸ்பேட்டிங் (பவுடர் புடிக்க அடிப் படலம் ஏத்தறது), தண்ணி, பேசிவேஷன் (அந்தப் படலத்த கடைசியா கெட்டிப்படுத்தறது). "தம்பி, நம்மகிட்ட ஏழும் முங்கி வராம ஒரு பீஸும் பவுடர் அடிக்கற பூத்துக்குள்ள போகாது"ன்னாரு. ஒரு சாம்பிள் தகடை எடுத்து ரெண்டா மடக்கிக் காட்டுனாரு, வெடிக்கல. பிளேடால கட்டம் கட்டமா கீறி டேப் ஒட்டி இழுத்தாரு, ஒரு துணுக்கு வரல. அந்த நிமிசம்தான் நான் விழுந்தது. அட்வான்ஸ எண்ணிக் குடுத்துட்டு வந்தேன். டேங்க்ல எதுலயும் ஆவி வரலீங்கறது கண்ணுல பட்டுச்சு, அப்ப மனசுல ஒறைக்கல. நம்ம பக்கம் ஓடற ஜிங்க் பாஸ்பேட் டேங்கு நெறைய 50 டிகிரி வாக்குல சூடு வெச்சு ஓட்டறதுங்க, சூடு வேண்டாத கெமிக்கலும் இருக்குது, ஆனா எதுன்னு நான் கேட்டிருக்கணும்.

பொட்டி வந்தப்ப பளபளன்னு இருந்துச்சு. கஸ்டமரும் மாட்டிட்டாரு, பொள்ளாச்சி, ஆனமலை, தாராபுரம்னு. ஐப்பசி மழை ஒரு மாசம் அடிச்சுது. மொத போன் ஆனமலைல இருந்து. நான் நேர்ல போனேன். பொட்டி மூலைல நகத்த வெச்சு நெம்புனா, அவிச்ச முட்டை ஓட்டுக்கு உள்ள இருக்கற தோலு மாதிரி பவுடர் ஒரு சாண் நீளத்துக்கு முழுசா உரிஞ்சு வருதுங்க. அடில பாஸ்பேட்டோட சாம்பல் நெறம் துளி இல்ல. வெறும் தகடு, அதுல துரு, அந்தத் துருவுல தெளிவா அஞ்சு வெரலும் ஒரு உள்ளங்கையும் பதிஞ்சிருக்குது. யாரோ வெறுங்கையில புடிச்சு, தின்னர் துணில ஒரு தொடை தொடைச்சு, அப்படியே கோட்டிங் அடிச்சிருக்காங்க. அந்தக் கையோட வேர்வை உப்பு உள்ளயே இருந்து தின்னிருக்குது. அத்தனை கோவத்துலயும் அந்தக் கைய நான் நெம்ப நேரம் பாத்துட்டே நின்னேன்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஷீட்டுல துரு புடிக்காம இருக்க எண்ணெய் தடவித்தான் வரும். அத எடுக்கணும், துருவ எடுக்கணும், அப்புறம் பாஸ்பேட்ல முக்குனா இரும்பு மேல பொடிப்பொடியா படிகம் வளரும், அந்தப் படிகத்துலதான் பவுடர் பல்லு வெச்ச மாதிரி புடிச்சு நிக்கும். எங்கயாச்சும் கீறல் விழுந்து தண்ணி போனாலும் துரு அடிவழியா ஓடாமத் தடுக்கறதும் அதேதான். இது இல்லாம சுத்தமான தகடுல சும்மா அடிச்சாலும் புதுசுல டேப் டெஸ்ட் பாஸாகிடும். காஞ்ச பீஸ்ல புடிச்சிருக்கும், ஈரம் புகுந்தாத்தான் உரியும். எனக்குக் காட்டுன சாம்பிளோட குட்டு அதுதான்.

கேட்டதுக்கு என்ன பதில் வந்துச்சு தெரியுங்களா. மொதல்ல "தோட்டத்துல உர மூட்டைய பக்கத்துல வெச்சிருப்பாங்க தம்பி". போட்டோ அனுப்புனதும் "உங்க ஷீட்டு சரியில்லீங்க". அதுக்கப்புறம் அக்கவுண்டன்ட் பொண்ணு எடுத்து "அண்ணன் பழனி போயிருக்காருங்க", மூணு நாள் கழிச்சும் பழனிதான். கடைசியா ஒரு வாய்ஸ் மெசேஜ், நாலு பொட்டி கொண்டாங்க டச்சப் பண்ணித் தாரேன்னு. 160 பொட்டிக்கு நாலு டச்சப்! அந்த ஆப்புக்குப் போன் போட்டா "நாங்க நம்பர் மட்டும்தான் சார் தர்றோம்"னு டிக்கெட்ட மூடிட்டாங்க. அப்ப அந்த வெரிஃபைடு டிக்கு எதுக்கு?

சொல்லாமப் போய் நின்னேன் ஒரு நாள். பாஸ்பேட் டேங்க்ல பாதிக்குக் கீழ தண்ணி, அடில சேறு கட்டிக் கெடக்குது. வேலை செய்யற பையன்தான் மெதுவா சொன்னான், "அண்ணா, அது ஓடி நெம்ப நாளாச்சுங்க". கெமிக்கல் செலவு, சேறு அள்ளற செலவு, கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற செலவு எல்லாம் உண்மைதான், நானும் பட்டறைக்காரன்தான். முடியலைனா முடியலைன்னு சொல்லு, வேற ஆளப் பாத்துக்கறோம். செய்யாத வேலைக்கு "7 டேங்க் பிராசஸ்"னு பில்லுல அடிச்சுக் காசு வாங்கறது திருட்டு.

கோட்டிங்குக்குக் குடுத்தது 41,600. பொட்டியக் கழட்ட எலக்ட்ரீசியன், வண்டி வாடகை 34,000. கஸ்டமர் எனக்குத் தர வேண்டியதுல புடிச்சது 45,000. பழைய கோட்டிங்க உரிச்சு மறுபடி அடிக்க 65,000. ஆக 1,85,600. என் பட்டறைல மூணு பேரோட சம்பளம் இதுக்குள்ள இருக்குதுங்க.

விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல, சுருக்கமா சொல்றேன். பவுடர் அடிக்கறதுக்கு முன்னாடி உங்க பீஸ உங்க கண்ணால பாருங்க, அடிச்சதுக்கப்புறம் ஒண்ணும் தெரியாது. ஜிங்க் பாஸ்பேட்னா மங்கலான சாம்பல்ல இருக்கும், நகத்தால கீறுனா வெள்ளையா கோடு விழும். எண்ணெய் போயிருச்சான்னு பாக்க தண்ணி ஊத்துங்க, படலமா பரவணும், முத்து முத்தா நின்னா எண்ணெய் இருக்குது. சால்ட் ஸ்ப்ரே (உப்புத் தண்ணியத் தெளிச்சு எத்தனை மணி நேரம் துரு தாங்குதுன்னு பாக்கற டெஸ்ட்) ரிப்போர்ட்னு போன்ல காட்டுனா நம்பாதீங்க, எனக்கும் 500 மணி நேரம்னு ஒண்ணு காட்டுனாங்க, உங்க பீஸோட ஒரு தகட அனுப்பி நீங்களே டெஸ்ட் எடுங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே குடுக்காதீங்க.

இப்ப பழைய அண்ணன்கிட்டயே மறுபடி ஓடிட்டு இருக்குது. அந்தக் கை பதிஞ்ச பொட்டிய மட்டும் அனுப்பல, வக்கீல் அப்படியே வெச்சிருக்கச் சொன்னாரு, பாலிதீன்ல சுத்தி பட்டறைல மேல் ரேக்குல வெச்சிருக்கேன். நோட்டீஸ் திங்கக்கிழமை போகுது.