இட்டேரியில் இருட்டிய பிறகு: கோவையில் குழுவாக மவுண்டன் பைக் ஓட்டும் அனுபவம்

கோவையில் மவுண்டன் பைக் வாங்கும் பலரும் அதைத் தார் ரோட்டிலேயே ஓட்டி முடித்துவிடுகிறார்கள். தடித்த டயரும் முன்பக்க சஸ்பென்ஷனும் மண்பாதைக்கென்றே செய்தவை. ஆனால் மண்பாதையில் தனியாகப் போகத் தயங்குகிறார்கள், அதுவும் நியாயம்தான். வடவள்ளிப் பக்கம் ஒரு சைக்கிள் குழுவோடு சில வருடங்களாக வார நாள் மாலைகளில் போய் வருகிறேன். சேரலாமா என்று கேட்கிற எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான்: தாராளமாகச் சேருங்கள், ஆனால் குழு எப்படிக் காத்திருக்கிறது என்று பார்த்துச் சேருங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இங்கே முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுவோம். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னவர் நிற்பார். கடைசி ஆளின் விளக்கு கண்ணில் பட்ட பிறகுதான் நகர்வார். இதைப் பல குழுக்களில் செய்வார்கள். ஆனால் பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்று மற்றவர்கள் மிதிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓய்வு தேவைப்படுகிறவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. எங்கள் குழுவில் கடைசியாக வந்தவர் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, அவர் வாயால் "போலாங்க" என்று சொன்னால்தான் சக்கரம் உருளும். இந்தச் சின்ன வழக்கத்தால்தான் முதல் மாதத்தோடு நின்றுபோயிருக்கக்கூடிய பலர் இன்றும் வருகிறார்கள். இருட்டில் தனியாக ஓட்டும் எண்ணமே வந்திராத பெண்கள் இப்போது முன்னால் வழிகாட்டிப் போகிறார்கள். குழுவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கூடும் நேரம் ஐந்தே முக்கால். நேரம் மாறாது, ரைடு மாதத்துக்கு மாதம் மாறும். ஜூலையில் ஆறே முக்கால் வரை சூரியன் இருக்கும். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடும், பிறகு முழுக்க விளக்குதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மேற்கே போகும்போது படாத பாடு படுவோம், திரும்பும்போது மிதிக்காமலே வண்டி ஓடும். அதனால் அந்த மாதங்களில் முதலில் மேற்கே போய்விடுவது நல்லது.

மேற்கே என்றாலும் மலையடிவாரம் வரை போவதில்லை. புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது மருதமலைக்குப் பின்பக்கம், தீத்திபாளையம், கரடிமடை. பகலில் அழகான இடங்கள்தான். இருட்டத் தொடங்கினால் யானை காட்டை விட்டு வாழைக்கும் சோளத்துக்கும் இறங்கும். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. நாம் வருவது யானைக்குத் தெரியாது, அது நிற்பது நமக்குத் தெரியாது. ஆகவே பேரூரைச் சுற்றி நொய்யல் கரை, தோட்டங்களுக்கு நடுவே வேலியோடு வளைந்து போகும் இட்டேரிகள், இவையே எங்கள் பாதை. அங்கேயும் ஒரு முறை தோட்டத்துக்காரர் ஒருவர் டார்ச்சை ஆட்டி நிறுத்தினார். "ஒத்தை ஆனை எறங்கியிருக்குதுங்க. இந்தப் பக்கம் வேண்டாம், திரும்பிப் போயிருங்க கண்ணு" என்றார். முன்னால் இருந்தவர் "சரிங்கண்ணா" என்று வண்டியைத் திருப்பினார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர்க்காரர் சொன்னால் அதற்கு மேல் விவாதம் கிடையாது.

அடுத்தது நெருஞ்சி முள். மழை முடிந்து செடி காய்ந்த பிறகு இட்டேரி ஓரமெல்லாம் இதுதான் கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல் நோக்கித்தான் நிற்கும். பஞ்சர் ஆனதும் அவசரமாகப் புது டியூபை மாட்டினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும், ஏனென்றால் முள் டயருக்குள்ளேயே இருக்கும். பழைய பனியன் துணியை டயரின் உட்புறம் சுற்றிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டிக்கொண்டு இழுக்கும். விரலை விட்டுத் தேட வேண்டாம், குத்திவிடும். உள்ளே டியூபே இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாறி, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிய பிறகு எனக்கு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. டயரின் காற்றழுத்தத்தையும் 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 25 வரை இறக்க முடிந்தது. சரளைக் கல்லில் சக்கரம் வழுக்காமல் பிடித்து ஓடுகிறது. வண்டியில் செய்த மாற்றங்களில் காசுக்குத் தகுந்த பலன் தந்தது இதுதான் என்பேன். சீலன்ட் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும்.

விளக்கு இரண்டு வேண்டும். ஹேண்டில்பாரில் இருப்பது தாழ்வாக அடிப்பதால் கல்லுக்கும் குழிக்கும் நிழல் விழும், பாதையின் மேடுபள்ளம் தெரியும். ஹெல்மெட்டில் இருப்பது வளைவில் நாம் திரும்பிப் பார்க்கும் பக்கம் வெளிச்சம் காட்டும். ஹெல்மெட் விளக்கு மட்டும் இருந்தால் தரை முழுக்கத் தட்டையாகத் தெரிந்து குழியில் இறக்கிவிடும். பெட்டியில் பத்தாயிரம் லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சடித்த மலிவு விளக்குகளை நம்பாதீர்கள். உண்மையான 600, 800 லூமென் தாராளம். பின்விளக்கை மின்னவிடாமல் மங்கலாக நிலையாக வையுங்கள், பின்னால் வருபவரின் கண் கூசாது.

வடகிழக்குப் பருவமழையில் கிழக்கே சூலூர்ப் பக்கம் போனால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. பேரூர்ப் பக்கச் செம்மண் ஒரு நாள் காய்ந்தால் போதும். ஆனால் அந்தச் செம்புழுதி செயினைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து, மெழுகு வகை ஆயில் போடுங்கள். சாதாரண ஆயில் புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஊர் எல்லை நாய்களுக்கு ஒரே வழி, வேகத்தைக் குறைத்து எல்லோரும் சேர்ந்து போவது. துரத்தினால் இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

குறை இல்லாமல் இல்லை. வீடு திரும்ப எட்டரை ஆகும், சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு இது கஷ்டம்தான். வேகமாக ஓட்டித் தீர்க்க நினைப்பவர்களுக்கு அடிக்கடி நிற்பது சலிப்பாக இருக்கும். அவர்கள் ஞாயிறு காலை தார் ரோட்டில் போகும் குழுவில் சேரலாம். மற்றவர்கள் முதல் நாள் வரும்போது ஹெல்மெட், இரண்டு விளக்கு, உங்கள் சக்கர அளவுக்கு ஒரு டியூப், தண்ணீர் கொண்டு வாருங்கள். பம்ப் கடைசி ஆளிடம் இருக்கும்.