ஒன்பது வருச வைகிங்கும் ஒரு எஞ்சின் மூடியும்

"உன்ர வைகிங் ஒன்பது வருசமா ஓடுது. நானும் ஒன்று எடுக்கவோ?" என்று போன கிழமை மச்சான் கேட்டான். வைகிங் என்றால் அசோக் லேலண்டின் பஸ். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டான். கிளட்ச் தட்டு மாற்றிய பில் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

சேசிஸில், அதாவது எஞ்சினும் சில்லும் பூட்டிய அடிச்சட்டத்தில், குறை சொல்ல எனக்கு வாய் வராது. யாழ்ப்பாணம்–வவுனியா, ஏ9 வீதி. கிளட்ச் போனது கிளிநொச்சிக்குக் கிட்ட. காலையில் படுத்த பஸ், தெருவோரக் கராஜில் ஒரு பெடியனின் கையால் பின்னேரமே எழும்பிவிட்டது. சாமானுக்கு எங்கும் அலையவில்லை.

என் கோபமெல்லாம் எஞ்சின் மூடியில். எஞ்சின் முன்னால், சாரதிக்கு இடப்பக்கம். மூடியின் உட்பக்கம் போட வேண்டிய வெப்பத் தடுப்பில், சேசிஸின் மேல் பஸ்ஸின் கூடு (பொடி) கட்டியவர் மிச்சம் பிடித்துவிட்டார். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிற்பாட்டும்போது வாங்குகிற கச்சான் பொட்டலத்தை அதன்மேல் வைத்தால், வவுனியா வரைக்கும் ஆறாது. நடத்துனருக்குச் சந்தோசம். சாரதி அண்ணைக்கு முழங்காலில் ஈரத் துவாய். சாக்கு விரித்துப் பார்த்தோம், அப்புறம் ரப்பர். ரப்பர் நாறியது.

இந்த வம்சத்தின் மூத்தவரிடம் இந்தத் தொல்லை இல்லை. 1947இல் இங்கிலாந்தின் லேலண்ட் ஏற்றுமதிக்கென்றே கொமெட் சேசிஸை இறக்கியது. போருக்குப் பிறகு வெளிநாட்டுக் காசுக்கு அந்த நாடு தவித்த காலம். ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் உருக்கு முதலில். கொமெட்டின் மூக்கு வெளியே நீண்டிருக்கும், எஞ்சின் அதற்குள், சூடு காற்றோடு போய்விடும். 1950களின் தொடக்கத்தில் அதைச் சென்னைக்குப் பக்கத்து எண்ணூரில் பாகம் பாகமாகப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. வந்த சரக்கைப் பூட்டிய இடமே பிறகு வெளியே அனுப்பத் தொடங்கியது. 1982இல் இங்கே லங்கா அசோக் லேலண்டும் வந்தது. இதற்கிடையில் பஸ்ஸின் மூக்கு உள்ளே போய்விட்டது. மிஞ்சிய நீளத்தில் கூட ஆட்களை ஏற்றலாம் அல்லவா? முதலாளியாக எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்கும். வேகிற கால் என்னுடையது இல்லையே.

சரி, மச்சானுக்கு என்ன சொன்னேன்? எடுக்காதே என்றேன்.

"அப்ப உன்ர பஸ்ஸை எனக்குத் தாறியோ?"

அது விற்கிறதுக்கு இல்லை என்றேன்.